சப்பாத்திக்கள்ளிப் பழம்: பறித்து விற்கலாம், நடுமுன் யோசியுங்கள்

கும்மிடிப்பூண்டி, பொன்னேரிப் பக்கம் வேலி ஓரத்திலும் மணல் மேட்டிலும் நிற்கும் சப்பாத்திக்கள்ளியை நம் விவசாயிகள் ஒரு பயிராக மதிப்பதில்லை. ஆடு மேய்க்கும் பிள்ளைகள் பழத்தைப் பறித்து, மண்ணில் புரட்டித் தேய்த்து, வாய் சிவக்கத் தின்பதோடு சரி. இப்போது பட்டணத்தில் இதைத் தேடிக் கேட்பவர்கள் இருக்கிறார்கள். டிராகன் பழமும் கள்ளி இனம்தானே, அது விலை போகும்போது இது போகாதா, ஓர் ஏக்கரில் நட்டுப் பார்த்தால் என்ன என்ற எண்ணம் சிலருக்கு வந்திருக்கிறது. இருப்பதைப் பறித்து விற்கலாம். புதிதாக நடுவதுதான் யோசிக்க வேண்டிய காரியம். அதற்குப் பழைய கதை ஒன்று தெரிய வேண்டும்.

சப்பாத்திக்கள்ளி அமெரிக்கக் கண்டத்துச் செடி. கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவர் ஜேம்ஸ் ஆண்டர்சன் 1780-களின் இறுதியில் சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டமே போட்டார். பழத்துக்காக அல்ல, கள்ளியில் வளரும் பூச்சியிலிருந்து சிவப்புச் சாயம் எடுப்பதற்காக. 1795-ல் பிரேசிலிலிருந்து கல்கத்தாவுக்குப் பூச்சியும் வந்தது. ஆனால் அது உயர்ந்த சாயம் தரும் இனம் அல்ல. தொழில் தேறவில்லை, கள்ளிதான் தங்கியது. பின்னாளில் வேறு கள்ளி இனங்களும் பெருகி, மேய்ச்சல் நிலத்தையும் புன்செயையும் அடைத்துக்கொண்டன. வெட்டிப் போட்டால் விழுந்த மடல் ஒவ்வொன்றும் வேர்விட்டது. கடைசியில் 1926-ல் இலங்கையிலிருந்து மற்றொரு வகைச் சாயப்பூச்சியைத் தருவித்து விட்டார்கள். சில ஆண்டுகளில் தென்னிந்தியாவில் ஏறத்தாழ 40,000 ஹெக்டேரில், அதாவது ஒரு லட்சம் ஏக்கரில், கள்ளி அடங்கியது. இன்று நாம் பார்ப்பது அதன் மிச்சம்தான்.

அந்தப் பூச்சி நம் மண்ணைவிட்டுப் போகவில்லை. மடலில் வெள்ளைப் பஞ்சு ஒட்டியதுபோல் தெரியும். விரலால் நசுக்கினால் இரத்தம்போல் சிவப்பு வரும். மெக்சிகோவிலும் இத்தாலியின் சிசிலித் தீவிலும் பழத்துக்காகப் பயிராகும் பெரிய காய்க் கள்ளியையும் இது தாக்கும். மொராக்கோ நாட்டில் 2014-ல் இது நுழைந்தபின், கள்ளிப் பழத்தை நம்பியிருந்த குடியானவர்களின் தோட்டங்கள் அழிந்துபோயின. அன்று நமக்கு நன்மை செய்த பூச்சி, நாளை நாம் கடன் வாங்கி நடும் கள்ளிக்கு எமனாகலாம். ஆகவே முள்ளில்லாக் கள்ளி மடல் விற்க எவராவது வந்தால், பூச்சி தாங்கும் இனமா என்று முதலில் கேளுங்கள். நேரான பதில் வராவிட்டால் பணத்தை எடுக்காதீர்கள். ஆசை இருந்தால் வரப்போரம் பத்து மடல் வைத்து இரண்டு மூன்று வருடம் பாருங்கள்.

இனி, வேலியில் உள்ள பழத்துக்கு வருவோம். பறித்தபின் இது பழுக்காது. நன்றாகச் சிவந்து கறுத்த பிறகே பறிக்க வேண்டும். பனி ஈரம் உலராத விடியற்காலையே நல்ல நேரம். வெயில் ஏறினால் சுணை காற்றில் பறந்து கண்ணில் விழும். திருகிப் பிடுங்கினால் காம்புப் பக்கம் கிழிந்து, அங்கிருந்தே அழுகும். கத்தியால் மடலில் துளி ஒட்டியிருக்கும்படி அறுத்தெடுங்கள். பிறகு சாக்கில் போட்டு மணலோடு புரட்டி, துடைப்பத்தால் தேய்த்து, கழுவி நிழலில் ஆறவிட வேண்டும். ஓலைத் தீயில் லேசாக வாட்டுவதும் உண்டு. ஆனால் தோல் வெந்த பழம் மறுநாளைக்கு நிற்காது. சுணை போகாத பழத்தை ஒருமுறை வாங்கியவர் மறுமுறை வரமாட்டார். உள்ளே நடுவில் முள் இருந்தால் அதையும் நீக்கித் தின்னச் சொல்லிக் கொடுங்கள்.

விதை அதிகம். ஒரேயடியாக நிறையத் தின்றால் மலம் கட்டும். விற்காமல் தங்கிய பழத்தைப் பிசைந்து, கெட்டித் துணியில் இருமுறை வடித்து, சர்க்கரை சேர்த்துக் காய்ச்சினால் நல்ல நிறமுள்ள சர்பத் கிடைக்கும். துணியில் விதையோடு சுணையும் தங்கிவிடும். சர்க்கரை வியாதி தீரும், இரத்தம் ஊறும் என்று சொல்லி விற்பது வியாபாரப் பேச்சு. நாம் பழத்தைப் பழமாகவே விற்போம்.

தொழிற்பேட்டைக் கழிவுநீர் ஓடும் வாய்க்கால் ஓரத்திலும், லாரிப் புகை படியும் நெடுஞ்சாலை ஓரத்திலும் நிற்கும் செடியை, பழம் எவ்வளவு கொழுத்திருந்தாலும் விட்டுவிடுங்கள். சீவி எறியும் மடலைப் பக்கத்து மேய்ச்சல் நிலத்தில் போடாமல் குழியில் போட்டு ஆழப் புதைக்க வேண்டும்.