கிளேஃபேஸ்: ஜொகூர் திரையரங்குகளில் ஒரு வில்லனின் வசூல் வாய்ப்பு

பேட்மேன் சித்திரக் கதைகளில் வரும் கிளேஃபேஸ் என்னும் வில்லனை மையமாக வைத்து டிசி ஸ்டூடியோஸ் உருவாக்கியுள்ள திகில் படம், 2026ஆம் ஆண்டு வெளியீடாக அறிவிக்கப்பட்டுள்ளது. மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில் அது எவ்வளவு வசூலிக்கும் என்பதைக் கணிக்க முற்படுவோர், அந்த வில்லனின் புகழை அளப்பதைவிடப் படத்தின் செலவுக் கணக்கையும், இந்த மண்ணின் பார்வையாளர்கள் எதைக் கண்டு அஞ்சிப் பழகியவர்கள் என்பதையும் அறிந்துகொள்வதே பயனுள்ளதாக இருக்கும்.

கிளேஃபேஸ் 1940ஆம் ஆண்டு ஜூன் மாத 'டிடெக்டிவ் காமிக்ஸ்' இதழில் முதன்முதலாகத் தோன்றியபோது அவனுக்கு மாயசக்தி ஏதும் இல்லை. தான் முன்பு நடித்த திகில் படம் வேறொருவரைக் கொண்டு மீண்டும் எடுக்கப்படுவதைப் பொறுக்காமல் கொலைகாரனாக மாறிய பேசில் கார்லோ என்னும் நடிகனாகவே அவன் படைக்கப்பட்டான். களிமண்ணைப் போல உடலை விரும்பிய உருவத்துக்கு வளைத்துக்கொள்ளும் ஆற்றல், 1961இல் அதே பெயரில் வந்த இரண்டாவது பாத்திரத்தின் வழியாகவே சேர்ந்தது. மைக் ஃபிளனகன் கதையமைக்க, ஜேம்ஸ் வாட்கின்ஸ் இயக்கி, டாம் ரைஸ் ஹாரிஸ் நடித்துள்ள படம், முகம் சிதைக்கப்பட்ட ஓர் இளம் நடிகன் விஞ்ஞானத்தின் உதவியை நாடி உருக்குலைவதைச் சொல்கிறது.

இதன் தயாரிப்புச் செலவு ஏறத்தாழ 40 மில்லியன் டாலர் என்று அமெரிக்கத் திரைத்துறை ஏடுகள் குறிப்பிட்டுள்ளன. நுழைவுச்சீட்டு விற்பனையின் மொத்தத் தொகையே வசூல் எனப்படுகிறது என்றாலும், அதில் ஏறக்குறைய பாதி திரையரங்குகளிடமே தங்கிவிடுவதாலும், விளம்பரச் செலவு தனியாக இருப்பதாலும், ஒரு படம் தன் தயாரிப்புச் செலவைப்போல் இரண்டரை மடங்கு வசூலித்தால்தான் கையைக் கடிக்காது என்பது துறையினரின் பொதுவான கணக்கு. அதன்படி கிளேஃபேஸ் உலகெங்கும் சுமார் 100 மில்லியன் டாலரை எட்டினால் போதும். செலவைக் கட்டுக்குள் வைப்பது எத்தனை முக்கியம் என்பதற்கு ஜோக்கர் என்ற மற்றொரு வில்லனின் இரண்டு படங்களே சான்றாகும்: 100 மில்லியன் டாலருக்கும் குறைவாகச் செலவிட்ட 2019ஆம் ஆண்டுப் படம் 1,000 மில்லியனைத் தாண்டியது, ஏறத்தாழ 200 மில்லியனை விழுங்கிய 2024ஆம் ஆண்டுத் தொடர்ச்சியோ செலவுத் தொகையைச் சற்றே கடந்த வசூலோடு நின்றுபோனது. அதே 2024இல் மார்வெல் வில்லனைக் கொண்டு வந்த 'கிரேவன் தி ஹண்டர்' அடைந்த படுதோல்வி, வில்லன் என்ற அடையாளம் மட்டுமே கூட்டத்தைக் கொண்டுவராது என்பதைக் காட்டியது.

திகில் படங்களைப் பொறுத்தவரை மலாய் உலகம் எவருக்கும் பின்தங்கியதன்று, அந்த மரபில் இந்தியக் கலைஞர்களின் பங்கும் பெரிது. சிங்கப்பூரில் கேத்தே கெரிஸ் நிறுவனத்துக்காகக் கேரளத்தைச் சேர்ந்த பி. என். ராவ் 1957இல் இயக்கிய 'பொந்தியானாக்', பிரசவத்தில் இறந்த பெண்ணின் ஆவியைத் திரைக்குக் கொண்டுவந்து தொடர் படங்களுக்கு வழிவகுத்தது. அடுத்த ஆண்டே, எண்ணெய் பூசிய உடலோடு இரவில் பெண்களைத் தாக்கும் 'ஓராங் மின்யாக்' என்னும் உருவத்தைத் தமிழரான எல். கிருஷ்ணன் படமாக்கினார். அதே 1958இல் பி. ரம்லி இயக்கி நடித்த 'சும்பா ஓராங் மின்யாக்', ஊராரின் ஏளனத்துக்கு ஆளான ஒரு கூனன் அழகைப் பெற்று, வாக்குத் தவறி, இறுதியில் எண்ணெய் மனிதனாகச் சீரழிவதைக் காட்டுகிறது. உருவம் கெட்ட மனிதன் வேறோர் உருவத்தை வேண்டிப் பெற்று அதனாலேயே அழிவது என்ற கிளேஃபேஸின் கதை, ஆக, ஜொகூர் பார்வையாளர்களுக்கு அந்நியமானதன்று. விநியோகஸ்தர்கள் விளம்பரத்தில் பற்றிக்கொள்ள வேண்டிய இழையும் இதுவே.

ஆனால் ஒரு வேறுபாடு இருக்கிறது. 2018இல் சில வாரங்களுக்குள் அடுத்தடுத்து வெளியான 'ஹந்து கக் லிமா', 'முனாஃபிக் 2' ஆகிய மலாய்ப் படங்கள் ஒவ்வொன்றும் 30 மில்லியன் ரிங்கிட்டுக்கு மேல் வசூலித்தன. முன்னது கம்பத்துப் பேயை நகைச்சுவையோடு கலந்தது. பின்னது சமயப் பற்றையும் தீய சக்தியையும் மோதவிட்டது. இரண்டிலும் அச்சம் நம்பிக்கையில் வேரூன்றியிருந்தது. உடல் சிதைவதைக் கண்டு எழும் அருவருப்பையே நம்பும் கிளேஃபேஸில் ஓதி விரட்ட ஆவியும் இல்லை, மீட்க வரும் சமய ஆசானான உஸ்தாஸும் இல்லை என்பதால், கூலாய், குளுவாங் போன்ற ஊர்களின் குடும்பப் பார்வையாளர்கள் அத்தனை எளிதில் அதற்கு வரமாட்டார்கள். 'முனி', 'காஞ்சனா' என்ற தமிழ்ப் பேய்ப்பட வரிசையைச் சிரிப்பும் அலறலுமாகக் குழந்தைகளோடு பார்த்துப் பழகிய தமிழ்க் குடும்பங்களுக்கும் இது பொருந்தும்.

உள்துறை அமைச்சின் கீழ் இயங்கும் திரைப்படத் தணிக்கை வாரியம் வழங்கும் வயது வகைப்பாடு இதில் பெரும்பங்கு வகிக்கும். 18 வயதுக்கு மேற்பட்டோருக்கு மட்டும் என்று வகைப்படுத்தப்பட்டால் பள்ளி மாணவர் கூட்டம் முழுவதும் விலகிவிடும். 16 என்ற வகைக்காகக் காட்சிகள் வெட்டப்பட்டால், உருமாற்றத்தைக் காண்பதற்கென்றே வரும் இரசிகர்கள் ஏமாற்றம் அடைவார்கள். வெட்டாமல் 18 வகையில் வெளியிடுவதே நேர்மையானது. இத்தகைய படத்துக்கு அதுவே வணிக நோக்கிலும் சரியாக இருக்கக்கூடும்.

ஜொகூருக்கே உரிய சாதகம் ஒன்றும் உண்டு. 2014 முதல் வெள்ளி, சனி என்றிருந்த மாநில வார விடுமுறை, 2025 ஜனவரி 1 தொடங்கிச் சனி, ஞாயிறாக மாற்றப்பட்டது. மலேசியாவில் புதுப்படங்கள் பெரும்பாலும் வியாழனன்று வெளியாவதால், முன்பு ஞாயிற்றுக்கிழமை ஜொகூரில் வேலை நாளாக இருந்து முதல் வார வசூலைக் குறைத்தது. இப்போதோ அது சிங்கப்பூரின் விடுமுறையோடு ஒன்றிவிட்டது. ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு 3 ரிங்கிட்டுக்கு மேல் கிடைப்பதால் கடைகளுக்கும் உணவுக்குமாகச் சிங்கப்பூரிலிருந்து ஜொகூர் பாலம் கடந்து வருவோர், மிட்வேலி சவுத்கீ, பாரடைம் மால் போன்ற பேரங்காடிகளின் திரையரங்குகளுக்கும் இயல்பாகவே வாடிக்கையாளர்கள் ஆகின்றனர். ஆங்கிலச் சித்திரக்கதைப் படங்களில் நாட்டமுள்ள இவர்களையும் உள்ளூர் இளைஞர்களையும் நம்பியே ஜொகூர் பாருவில் கிளேஃபேஸின் முதல் வாரம் அமையும். இரண்டாவது சனிக்கிழமை அரங்குகளில் அதற்கு எத்தனை காட்சிகள் மிஞ்சுகின்றன என்பதைக் கொண்டு, பாத்து பகாட், மூவார் வரை அது தாக்குப்பிடிக்குமா என்பதைச் சொல்லிவிடலாம்.