இளநீரில் ஏறிய சீசியம்
விட்டு வந்த தீவுகள் – 6

தற்காலிகமாகத்தான் என்று சொல்லி, மார்ஷல் தீவுகளில் உள்ள பிக்கினித் தீவின் 167 பேரை 1946 மார்ச்சில் அமெரிக்கக் கடற்படை ரோங்கெரிக் தீவுக்குக் கப்பலேற்றியதைச் சென்ற வாரம் பார்த்தோம். 1958-க்குள் அவர்கள் ஊரில் 23 அணுகுண்டுகளை வெடித்துப் பார்த்தார்கள்.

இனி ஊர் திரும்பலாம் என்று 1968-ல் அதிபர் லிண்டன் ஜான்சன் அறிவித்தார். இடிபாடுகளை அகற்றி, வீடு கட்டி, தென்னங்கன்றுகள் நட்டார்கள். 1970-களின் தொடக்கத்தில் சில குடும்பங்கள் போய்ச் சேர்ந்தன. பிறகு அவர்களின் உடம்பை அளந்தபோது கதிரியக்கச் சீசியம்-137 ஏறிக்கொண்டே போனது. 1978 செப்டம்பரில் மறுபடியும் கப்பலேற்றிவிட்டார்கள்.

காரணம் மண்ணில் இருந்தது. அது பவளம் உதிர்ந்த மணல். சீசியத்தைக் கெட்டியாகப் பிடித்து வைக்கக்கூடிய களிமண் அதில் இல்லை. பொட்டாசியமும் மிகக் குறைவு. வேதியியலில் சீசியம் பொட்டாசியத்தின் பங்காளி. பொட்டாசியத்துக்கு ஏங்கும் தென்னை, சீசியத்தையும் வேரால் இழுத்து இளநீரிலும் பருப்பிலும் சேர்த்துவிடும். சீமைப்பலாவும் தாழம்பழமும் அப்படித்தான்.

1998-ல் சர்வதேச அணுசக்தி முகமையின் அறிக்கை வந்தது. தீவில் நடமாடலாம், காயல் மீனைச் சாப்பிடலாம். ஆனால் தீவில் விளைந்ததை மட்டுமே உண்டு வாழ்ந்தால் ஆண்டுக்குச் சுமார் 15 மில்லிசீவர்ட் கதிர்வீச்சுக்கு உள்ளாக நேரும். இயற்கையாக நம் எல்லோருக்கும் கிடைப்பது உலக சராசரியில் 2.4. எனவே பரிகாரம் எதுவும் செய்யாமல் நிரந்தரமாகக் குடியேற வேண்டாம் என்றது அறிக்கை.

‘விளைந்ததை மட்டுமே’ என்ற நிபந்தனையை விட்டு என்னால் நகர முடியவில்லை. கப்பலில் அரிசியும் டப்பா உணவும் வந்தால் அந்த 15 இறங்கும். கப்பல் வராத மாதத்தில் ஏறும். ஒரு வீட்டில் நாளைக்கு எத்தனை இளநீர் வெட்டுகிறார்கள், பால்குடி மறந்த குழந்தைக்கு என்ன ஊட்டுகிறார்கள் என்பது அங்கே சமைக்கிற பெண்களுக்குத் தெரியும். அவர்களைக் கேட்காமல் போடும் கணக்கை நான் நம்பமாட்டேன்.

பரிகாரம் உண்டு. மேல்மண் முழுவதையும் சுரண்டினால் சீசியம் போய்விடும். தலைமுறை தலைமுறையாக இலை மக்கிச் சேர்ந்த கறுப்பு மண்ணும் கூடவே போய்விடும். பிறகு எதை நட்டு எதைத் தின்பது? லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்தார் தோப்புகளில் பொட்டாசியம் குளோரைடு உரத்தைத் தூவிப் பார்த்தார்கள். வயிறு நிறைந்த மரம் சீசியத்தை வெகுவாகக் குறைத்துக்கொண்டது. வீட்டைச் சுற்றி மட்டும் மண்ணை மாற்றி, தோப்புக்கு இந்த உரத்தை இடலாம் என்பதுதான் அறிக்கையும் விரும்பிய வழி.

பக்கத்து ரோங்கெலாப் மக்கள் இதே சோதனைகளால் வெளியேற்றப்பட்டு, 1957-ல் ஊர் திரும்பி, 1985-ல் கிரீன்பீஸின் ரெயின்போ வாரியர் கப்பலில் தாங்களாகவே வெளியேறியவர்கள். அவர்களின் உள்ளூர் நிர்வாகம் அமெரிக்கத் துறைகளோடு 1992-ல் செய்துகொண்ட உடன்பாட்டில், உள்ளூர் உணவை மட்டுமே உண்டாலும் கூடுதல் கதிர்வீச்சு ஆண்டுக்கு 1 மில்லிசீவர்ட்டைத் தாண்டக்கூடாது என்று எழுதி வாங்கினார்கள். பின்னாளில் மார்ஷல் தீவுகளின் அணு இழப்பீட்டுத் தீர்ப்பாயம் 0.15 என்ற அளவை எடுத்துக்கொண்டது. இரண்டு எண்களுக்கும் நடுவே எத்தனை ஏக்கர் மண், எத்தனை கோடி டாலர் என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)