மாசி மகத்தன்று கடல் ஏன் ஏறுகிறது? ஸ்ரீமுஷ்ணம் பெருமாளின் பயணத்தில் ஒளிந்திருக்கும் வானியல்

கடலூர் மாவட்டம் ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து கடற்கரை நேர்கோட்டில் ஏறத்தாழ 40 கிலோமீட்டர். மாசி மகம் வந்தால் பூவராக சுவாமி அந்தத் தூரத்தைக் கடந்து, வழியெல்லாம் ஊர் ஊராக நின்று, கிள்ளை முழுக்குத்துறைக்குத் தீர்த்தவாரிக்கு வருகிறார். கிள்ளை தர்கா சார்பில் பெருமாளுக்கு வரவேற்பு கொடுப்பதும், அதைப் பார்க்க இரு தரப்பு மக்களும் கூடுவதும் ஆண்டாண்டாக நடக்கிறது.

இந்த விழாவின் தேதி மட்டும் ஒரு இடத்தில் நிற்பதில்லை. 2024-ல் பிப்ரவரி 24, 2025-ல் மார்ச் 12. காரணம், இது சூரியனையும் நிலவையும் சேர்த்துப் பார்த்துக் குறிக்கப்படும் நாள். மாசி என்றால் சூரியன் கும்ப ராசியில் இருக்கிறது. பௌர்ணமி என்றால் நிலவு சூரியனுக்கு நேர் எதிரே நிற்க வேண்டும். கும்பத்துக்கு எதிர் சிம்மம். அந்தச் சிம்மத்தில்தான் மகம் நட்சத்திரம் இருக்கிறது. ஆக, மாசிப் பௌர்ணமியை ஒட்டி நிலவு மகத்தின் பக்கம் வந்தே தீரும். 12 பௌர்ணமி சுற்றி வர 354 நாள்தான் ஆகிறது. சூரிய ஆண்டுக்கு 11 நாள் பற்றாக்குறை. அதனால்தான் தேதி பின்னே வந்துகொண்டே இருந்து, திடீரென்று முன்னே தாவுகிறது.

சரி, கடல் ஏன் ஏறுகிறது?

நிலவு பூமியை எல்லா இடத்திலும் ஒரே பலத்தில் இழுப்பதில்லை. பக்கத்தில் இருக்கும் கடலைக் கொஞ்சம் கூடுதலாகவும், நடுப்பூமியை அதைவிடக் குறைவாகவும், மறுபக்கக் கடலை இன்னும் குறைவாகவும் இழுக்கிறது. மூன்று பேர் வரிசையாக ஓடும்போது முன்னால் போகிறவன் வேகமாகவும், கடைசி ஆள் மெதுவாகவும் ஓடினால், நடுவில் இருப்பவனுக்கு இரண்டு பேருமே தன்னைவிட்டு விலகுவதாகத்தானே தெரியும்? அதே கதைதான். நிலவு இருக்கும் பக்கமும் எதிர்ப்பக்கமும் கடல் மேடாகிறது. பூமி சுழலும்போது ஒரே கரை இரண்டு மேட்டையும் கடக்கும். அதனால் ஏறத்தாழ 12 மணி 25 நிமிடத்துக்கு ஒரு ஏற்றம். மறுநாள் அதே ஏற்றம் சுமார் 50 நிமிடம் தாமதமாக வரும். நிலவும் இதற்குள் நகர்ந்துவிடுகிறது இல்லையா!

சூரியனுக்கும் இதில் பங்கு உண்டு. சூரியன் பூமியை இழுக்கும் விசை நிலவின் விசையைவிட 170 மடங்குக்கும் மேல். ஆனால் ஓதத்துக்கு முக்கியம் இழுவையின் அளவு அல்ல, இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்கும் உள்ள வித்தியாசம். சூரியன் வெகு தொலைவில் இருப்பதால் அந்த வித்தியாசம் சின்னது. நிலவின் பங்கில் பாதிக்கும் கொஞ்சம் குறைவு. அமாவாசை, பௌர்ணமி நாள்களில் மூன்றும் ஏறக்குறைய ஒரே கோட்டுக்கு வருவதால் இரண்டு இழுவையும் கூடிவிடுகின்றன. தமிழில் இந்த நாள்களுக்கு உவா என்று பழைய பெயரே உண்டு: வெள்ளுவா பௌர்ணமி, காருவா அமாவாசை. பெரிய ஓதம் சரியாக அன்றைக்கே உச்சம் தொடும் என்றில்லை, பெரும்பாலும் ஓரிரு நாள் கழித்துத்தான். மார்ச் 20-ஐ நெருங்கும்போது சூரியன் நிலநடுக்கோட்டுக்கு நேராக வருவதால், மாசி, பங்குனி உவாக்களில் ஓதம் இன்னும் கொஞ்சம் எடுப்பாக இருக்கும்.

நம் கிழக்குக் கரையில் இந்த ஏற்ற இறக்கம் ஒரு மீட்டரை ஒட்டித்தான். குஜராத்தின் காம்பத் வளைகுடாவில் 10 மீட்டரைத் தொடும். ஒரு மீட்டர்தானே என்று விட்டுவிட முடியாது. பிச்சாவரம் அலையாத்திக் காட்டின் வாய்க்கால்களில் அந்த ஒரு மீட்டர்தான் தண்ணீரையும் மீன்குஞ்சுகளையும் உள்ளே கொண்டுவந்து வெளியே எடுத்துப் போகிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் வெள்ளாறும் கொள்ளிடமும் நிரம்பி வரும்போது அதே ஓதம் வில்லங்கம். "கடல் தண்ணி வாங்க மாட்டேங்குது" என்று வயல்காரர்கள் சொல்வது வெறும் புலம்பல் இல்லை. முகத்துவாரத்தில் கடல் மட்டம் உயர்ந்திருந்தால் ஆற்று வெள்ளம் வடிய வழியில்லாமல் பின்னால் தேங்கும். புயல் தூக்கிவரும் நீரும் ஏற்ற நேரத்தில் சேர்ந்துகொண்டால் நிலைமை இன்னும் மோசம். மழை எச்சரிக்கை வரும் நாளில் காலண்டரில் உவாவையும் பார்த்துவைப்பது கரையோர ஊர்களுக்கு நல்லது.

ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். 2004 டிசம்பர் 26 பௌர்ணமி நாள்தான். ஆனால் கடலூர் கரையைச் சூறையாடிய சுனாமிக்கு நிலவு காரணமல்ல. சுமத்ரா அருகே கடலடியில் ஏற்பட்ட நிலநடுக்கம்தான் காரணம். பௌர்ணமிதோறும் பயப்பட வேண்டியதில்லை.

அப்போ ஒவ்வொரு பௌர்ணமிக்கும் கிரகணம் வரணுமே?

வராது. நிலவின் பாதை பூமியின் பாதைக்கு 5 பாகை சாய்ந்திருக்கிறது. அதனால் பெரும்பாலான பௌர்ணமிகளில் நிலவு பூமியின் நிழலுக்கு மேலேயோ கீழேயோ நழுவிப் போய்விடும். இரண்டு பாதைகளும் வெட்டிக்கொள்ளும் புள்ளிகள் இரண்டு. பஞ்சாங்கத்தில் ராகு, கேது என்று இருப்பது இவைதான். பாம்பு இல்லை, பாம்பு விழுங்குவதும் இல்லை. வெறும் கணக்குப் புள்ளிகள். அவற்றின் அருகே பௌர்ணமி வாய்த்தால் சந்திர கிரகணம், அமாவாசை வாய்த்தால் சூரிய கிரகணம்.

2026 மார்ச் 3 மாசிப் பௌர்ணமியில் அப்படி வாய்த்தது. ஆனால் முழு மறைப்பு மாலை 5.32-க்கே முடிந்துவிட்டது. நம் பகுதியில் நிலவு உதிப்பதோ அதற்குப் பிறகு. கடைசிக் கொஞ்ச நேரப் பகுதிக் கிரகணம் மட்டுமே நமக்கு மிச்சம். 19 ஆண்டு முன்பு, 2007 மார்ச் 4 அதிகாலையில் வந்த கிரகணம் நம்மை இப்படி ஏமாற்றவில்லை. 19 ஆண்டுக்கு ஒருமுறை பௌர்ணமி ஏறக்குறைய அதே தேதிக்குத் திரும்பும் என்பதால் இந்த ஒற்றுமை. சூரிய கிரகணத்தில் எதிர்பார்க்க வேண்டிய ஒன்று 2031 மே 21. தென் தமிழகத்தில் அது வளைய கிரகணமாகத் தெரியும்.

மாசி முடிந்தால் வெயில் ஏறத் தொடங்கும். சூரியனை நெருங்குவதால் கோடை வருகிறது என்று இன்னும் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் பூமி சூரியனுக்கு மிக அருகில் இருப்பது ஜனவரி முதல் வாரத்தில், மார்கழிக் குளிரில்! அப்போது தூரம் சுமார் 14.7 கோடி கிலோமீட்டர், ஜூலையில் 15.2 கோடி. பருவத்தைத் தீர்மானிப்பது தூரம் அல்ல, பூமி அச்சின் 23.4 பாகைச் சாய்வு. நம் பக்கம் சூரியனை நோக்கிச் சாயும்போது வெயில் செங்குத்தாக இறங்குகிறது, பகலும் நீள்கிறது.

ஸ்ரீமுஷ்ணத்தில் இதை ஒரு குச்சியை வைத்தே பார்த்துவிடலாம். ஏப்ரல் 20-ஐ ஒட்டியும், ஆகஸ்ட் 22, 23-ஐ ஒட்டியும் சூரியன் ஊருக்கு நேர் உச்சியில் வரும். திறந்த வெளியில் குச்சியைச் செங்குத்தாக நட்டுவைத்தால், ஏப்ரலில் பகல் 12.11 வாக்கிலும் ஆகஸ்ட்டில் 12.15 வாக்கிலும் அதன் நிழல் அடியிலேயே ஒடுங்கிவிடும்.