'இதுல போயிலை இல்லடா': ஒரு பாக்குப் பொட்டலமும் வாய்ப் புற்றுநோயின் உலக மேப்பும்

எங்க ஹாஸ்டல் மெஸ்ஸில் வியாழக்கிழமைன்னா காரக்குழம்பு. என் ரூம்மேட் போன செமஸ்டரிலிருந்து அதைத் தொடுறதே இல்லை. தயிர்சாதம் மட்டும்தான். கேட்டா "வாய் எரியுதுடா"ன்னு சொல்லிட்டு எழுந்து போயிடுவான். ஒருநாள் காலேஜ் கேட்டுக்கு வெளியே பானிபூரி சாப்பிடும்போதுதான் எனக்கு உறைச்சது. நாங்க எல்லாரும் பூரியை முழுசா வாய்க்குள்ள தள்ளுறோம். அவன் மட்டும் உடைச்சு உடைச்சுச் சாப்பிடுறான். அவனுக்கு வாய் அவ்வளவுதான் திறக்குது.

முதல் வருஷத்திலிருந்தே அவன் பாக்கெட்டில் பாக்குப் பொட்டலம் இருக்கும். நான் திட்டும்போதெல்லாம் அதை எடுத்துக் காட்டுவான். "பாரு, இதுல போயிலை இல்லடா. வெறும் பாக்கு, ஏலக்காய். உங்க ஆச்சி ஆயுசுக்கும் போட்டது தானே?" ஆச்சி வெத்தலை போட்டது உண்மைதான். அவங்களுக்கு ஒண்ணும் ஆகலைங்கிறதும் உண்மைதான். என்கிட்ட பதில் இல்லை. பதில் தேடப் போய் நான் மாட்டினது ஒரு உலக மேப்பில்.

உலகம் முழுக்க 2022-ல் உதடு, வாய்ப் புற்றுநோய் புதுசா வந்தவங்க சுமார் 3.9 லட்சம் பேர்னு குளோபோகான் கணக்கு சொல்லுது. அதில் சுமார் 1.44 லட்சம் பேர் இந்தியாவில். உலக மக்கள்தொகையில் நாம ஆறில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேலே, இந்த நோயில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலே. இந்திய ஆண்களுக்கு வர்ற புற்றுநோய்களில் இதுதான் முதல் இடம். ஆனா விகிதத்தில் உலகத்திலேயே மேலே நிக்கிற நாடு நாம இல்லை, பப்புவா நியூ கினி. வயசு வித்தியாசத்தைச் சரிக்கட்டிப் பார்த்தா உலக சராசரி லட்சத்துக்கு 4 பேர், இந்தியா 9, 10 பேர், பப்புவா நியூ கினி 20 பேர். இந்தச் சரிக்கட்டல் ஏன் வேணும்னா, புற்றுநோய் வயசானவங்களுக்குத்தான் அதிகம் வரும். முதியவர்கள் நிறைய இருக்கிற ஊரையும் இளைஞர்கள் நிறைய இருக்கிற ஊரையும் அப்படியே ஒப்பிட்டா கணக்கு தப்பாயிடும்.

பப்புவா நியூ கினியை மனசில் வச்சுக்கோங்க, திரும்ப வருவோம்.

மேப்பில் முதலில் கண்ணில் படுறது, நாட்டுக்கு நாடு எண்ணிக்கை மட்டும் மாறலை, வாயில் புற்று வர்ற இடமே மாறுது என்பதுதான். ஐரோப்பா, அமெரிக்காவில் வாய்ப் புற்றுநோய்னா பெரும்பாலும் நாக்கின் ஓரம், நாக்குக்கு அடியில். சிகரெட்டும் மதுவும் சேர்ந்து படுற இடம் அது. இந்தியாவில் கன்னத்தின் உள்பக்கமும் ஈறும் சேர்ற மடிப்பு. நாம போயிலையை, வெத்தலையை ஒதுக்கி வைக்கிறது அங்கேதான். வெள்ளைத்தோல் விவசாயிகள் வெயிலில் வேலை செய்யுற ஆஸ்திரேலியாவில் உதட்டுப் புற்றுநோய் அதிகம். ஆந்திராவில் ஸ்ரீகாகுளம், விசாகப்பட்டினம் கடலோரத்தில் ஒரு பழக்கம் இருக்கு. சுருட்டை, எரியுற நுனி வாய்க்குள்ள போற மாதிரி திருப்பி வச்சுப் புகைப்பாங்க, அதுவும் பெரும்பாலும் பெண்கள். படிச்சப்ப நான் நம்பலை, படம் பார்த்தப்புறம்தான் நம்பினேன். மற்ற இடங்களில் அபூர்வமா வர்ற மேல்வாய் அண்ணப் புற்றுநோய் அந்த ஊர்களில் அதிகம். நெருப்பு எங்கே சுடுதோ அங்கே.

இதைக் கவனிச்சது நேத்தைக்கு இல்லை. 1933-லேயே ஐ. எம். ஓர் என்கிற மருத்துவர், அப்போ திருவிதாங்கூரில் இருந்த நெய்யூரிலிருந்து, வெத்தலை போடுறவங்களுக்கு வர்ற வாய்ப் புற்றுநோய் பத்தி லான்செட் இதழில் எழுதியிருக்கார். நெய்யூர் இப்போ கன்னியாகுமரி மாவட்டம், எங்க ஊரிலிருந்து பஸ்ஸில் போற தூரம். பன்னிரண்டாவது வரைக்கும் அங்கேயே படிச்சும் இது எனக்குத் தெரியாது.

சரி, இதெல்லாம் போயிலை கதை. ரூம்மேட் கேள்வி வேற. போயிலையே இல்லாம வெறும் பாக்கு?

லேபில் ஒரு வேரியபிளோட விளைவைப் பார்க்கணும்னா அதை மட்டும் பூஜ்யமாக்கிட்டு மீதியை ஓட விடுவோம். மனுஷங்களை வச்சு அப்படிச் செய்ய முடியாது. ஆனா சில ஊர்களோட பழக்கமே அந்தச் சோதனையை நமக்காகச் செஞ்சு வச்சிருக்கு.

தைவானில் பச்சைப் பாக்கை சுண்ணாம்பு வச்சு மெல்றாங்க, போயிலை சேர்க்கிறது இல்லை. நெடுஞ்சாலை ஓரத்தில் கண்ணாடிக் கூண்டுக் கடைகளில் விற்கும். லாரி ஓட்டுறவங்க, கட்டட வேலை செய்யுறவங்க தூக்கம் வராம இருக்க வாங்குவாங்க. அங்கே ஆண்களுக்கு வாய்ப் புற்றுநோய் ரொம்ப அதிகம், பெண்களுக்குக் குறைவு. "அவங்க சிகரெட்டும் குடிப்பாங்களே"ன்னு நீங்க கேட்கலாம், நானும் கேட்டேன். 1995-ல் வெளியான ஒரு தைவான் ஆய்வு இதைப் பிரிச்சே பார்த்திருக்கு. மூணு பழக்கமும் இல்லாதவங்களோடு ஒப்பிட்டா, பாக்கு மட்டும் மெல்றவங்களுக்கு வாய்ப் புற்றுநோய் 28 மடங்கு. பாக்கு, சிகரெட், மது மூணும் சேர்ந்தா 123 மடங்கு. அந்த 28-ஐத்தான் நான் ரூம்மேட் கிட்ட முதலில் காட்டினேன்.

அடுத்தது பப்புவா நியூ கினி. அங்கே பாக்குக்குப் பேர் புவாய். பாக்கை மென்னுகிட்டே, வெத்தலைக் கொடியோட பூங்காயைச் சுண்ணாம்புத் தூளில் தொட்டு வாயின் ஓரத்தில் வச்சுக் கடிப்பாங்க. பாரம்பரியமா இதிலும் போயிலை கிடையாது. அங்கே புற்று எங்கே வருதுன்னு குறிச்சுப் பார்த்த ஆய்வு ஒண்ணு 1992-ல் லான்செட்டில் வந்தது. வாயின் ஓரத்திலும் கன்னத்திலும்தான் குவிஞ்சிருந்தது, அதாவது சுண்ணாம்பு படுற அதே இடத்தில்.

மூணாவது இடம் தென்னாப்பிரிக்காவின் டர்பன் பக்கம். 1860-லிருந்து கரும்புத் தோட்டத்துக்குக் கூலிகளா கப்பலில் போன இந்தியர்களில் நிறைய பேர் தமிழர்கள். வெத்தலை பாக்கும் அவங்களோட கப்பல் ஏறிடுச்சு. காலப்போக்கில் ஆண்கள் சிகரெட்டுக்கு மாறிட்டாங்க, பாக்கு பெண்கள்கிட்ட தங்கிடுச்சு. அவங்களில் நிறைய பேர் போயிலை சேர்க்காமத்தான் மெல்வாங்க. 1980-களின் நோயாளிகளை எடுத்துப் பார்த்த ஆய்வில், இந்த இந்தியப் பெண்களோட வாய்ப் புற்றுநோய்க்கும் பாக்குக்கும் வலுவான தொடர்பு தெரிஞ்சது.

மேகாலயாவையும் இங்கே சேர்க்க ஆசைதான். காசி மக்களோட 'குவாய்' போயிலை இல்லாத பச்சைப் பாக்கு, வெத்தலை, சுண்ணாம்பு. ஊர் எவ்வளவு தூரம்னு கேட்டா இத்தனை குவாய் மெல்ற தூரம்னு அந்தக் காலத்தில் சொல்வாங்களாம். கிழக்கு காசி மலை மாவட்டத்தில் உணவுக்குழாய்ப் புற்றுநோய் நாட்டிலேயே ரொம்ப அதிகம், கீழ்த்தொண்டைப் புற்றுநோயும் அதிகம். ஆனா அங்கே பீடி, சிகரெட்டும் அதிகம். அதனால் அதை மட்டும் வச்சு பாக்கு மேல பழி போடுறது நியாயமில்லை.

உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமையே இதில் தன் முடிவை மாத்தியிருக்கு. 1985-ல் போயிலை சேர்த்த வெத்தலை புற்றுநோய் உண்டாக்கும்னு சொல்லிட்டு, போயிலை சேர்க்காததுக்குச் சான்று போதாதுன்னு விட்டுட்டாங்க. 2004-ல் போயிலை இல்லாத வெத்தலையும், தனிப் பாக்கும்கூட முதல் பிரிவுக்குப் போயிடுச்சு. சிகரெட் இருக்கிற அதே பிரிவு.

பாக்கு என்னதான் செய்யுது? அதில் அரிகோலின்னு ஒரு ஆல்கலாய்டு. சுறுசுறுப்பு தர்றதும் அதுதான், விடாம இழுக்கிறதும் அதுதான். சுண்ணாம்பு வாயோட காரத்தன்மையை ஏத்திவிட, செல்லோட டி.என்.ஏ.வைத் தாக்குற ஆக்சிஜன் மூலக்கூறுகள் உருவாகுது. எச்சிலில் பாக்கின் ஆல்கலாய்டுகள் நைட்ரோசமீன்களா மாறுது. இன்னொரு பக்கம், பாக்கில் தாமிரம் அதிகம். நம்ம திசுவில் கொலாஜன் இழைகளை ஒண்ணோட ஒண்ணு கட்டுற ஒரு என்சைமுக்குத் தாமிரம் வேணும். அது கிடைச்சதும் கட்டிக்கிட்டே போகுது. மெக்கானிக்கல் பசங்களுக்குச் சொல்லணும்னா, ரப்பரில் கந்தகம் சேர்த்து வல்கனைஸ் பண்ற மாதிரிதான். கட்டு கூடக் கூட இழுவை போய் விறைப்பு வரும். கன்னத்தின் உள்தோல் அப்படி விறைச்சு வெளுத்துப் போறதுக்குப் பேர் சப்மியூக்கஸ் ஃபைப்ரோஸிஸ். காரம் பட்டா எரியும், அப்புறம் வாய் திறக்கிறது குறையும். எர்ணாகுளத்தில் இந்த நிலையில் இருந்தவங்களை 17 வருஷம் பின்தொடர்ந்தப்ப 7.6 சதவீதம் பேருக்குப் புற்றுநோய் வந்தது. பாக்கை விட்டா மோசமாகுறது பெரும்பாலும் நிக்கும், ஆனா விறைச்சது பழையபடி முழுசா இளகாது.

ஆச்சி கணக்குக்கு வர்றேன். ஹைதராபாத்தில் 1996-ல் வெளிவந்த ஆய்வு ஒண்ணு, இந்த விறைப்பு வர எத்தனை வருஷம் ஆகுதுன்னு பார்த்தது. வெத்தலை போடுறவங்களுக்கு சராசரி 8.6 வருஷம். பொட்டலத்தில் வர்ற குட்கா, பான் மசாலா மெல்றவங்களுக்கு 2.7 வருஷம். காய்ஞ்ச பாக்கு, வெத்தலை இல்லை, பாக்கெட்டில் எப்பவும் தயார். ஆச்சி சாப்பாட்டுக்கு அப்புறம் செல்லத்தைத் திறந்து, வெத்தலை நரம்பு கிள்ளி, சுண்ணாம்பு தடவி, நிதானமா போட்டது ஒருநாளைக்கு ரெண்டு தடவை. இவன் ஒரு லேப் நேரத்தில் மூணு பொட்டலம். ரெண்டும் ஒண்ணில்லை. அதுக்காக ஆச்சி பண்ணினது பாதுகாப்புன்னும் நான் சொல்ல வரலை, அவங்க தப்பிச்சாங்க, அவ்வளவுதான்.

தொண்டைக்கு வந்தா மேப் வேற மாதிரி ஆயிடுது. தமிழில் நாம தொண்டைன்னு ஒரே வார்த்தையில் முடிச்சிடுறோம், உள்ளே நாலு இடம் இருக்கு. டான்சிலும் நாக்கின் அடிப்பகுதியும் இருக்கிற வாய்த்தொண்டைப் புற்றுநோய் அமெரிக்காவில் ஏறிக்கிட்டே போகுது, அங்கே சிகரெட் குறையுற அதே காலத்தில். காரணம் எச்.பி.வி. வைரஸ், கருப்பை வாய்ப் புற்றுநோயை உண்டாக்குற அதேதான். வாய்வழி உறவிலும் பரவும். 1988-க்கும் 2004-க்கும் நடுவில் அங்கே இந்த வைரஸ் சம்பந்தப்பட்ட வாய்த்தொண்டைப் புற்றுநோய் விகிதம் 225 சதவீதம் கூடுச்சு, வைரஸ் இல்லாத வகை பாதியாச்சு. இப்போ அங்கே வர்றதில் பத்தில் ஏழு இந்த வைரஸால். இந்தியாவில் அந்தப் பங்கு ரொம்பக் குறைவு, இங்கே இன்னும் போயிலைதான். வைரஸால் வர்ற வகை சிகிச்சைக்கு நல்லா கட்டுப்படும். அதனால் ஒரு அமெரிக்கப் பக்கத்தில் பிழைக்கிற சதவீதத்தைப் படிச்சிட்டு இங்கே இருக்கிற நோயாளிக்குப் பொருத்திப் பார்க்கிறது தப்பு.

மூக்குக்குப் பின்னால இருக்கிற மேல்தொண்டைக்கு வர்றது இன்னொரு கதை. தென் சீனா, முக்கியமா குவாங்டாங்கும் ஹாங்காங்கும். எப்ஸ்டீன் பார் வைரஸ் உலகத்தில் பெரியவங்களில் 90 சதவீதத்துக்கு மேல இருக்கு, ஆனா நோய் இந்தப் பகுதியில்தான் குவியுது. சின்ன வயசிலிருந்தே சாப்பிடுற உப்பு மீனும், பரம்பரைக் கூறும் சேர்றது காரணம். இந்தியாவில் இந்த நோய் பொதுவா அபூர்வம், ஆனா நாகாலாந்தில் அதிகம். இங்கே ஜீனுக்கு நிஜமாவே பங்கு இருக்கு. பாக்கு விஷயத்தில் "அவங்க ஜீன் அப்படி"ன்னு சொல்ல முயற்சி பண்ணினா, தைவான்காரரும் பப்புவாகாரரும் டர்பன் தமிழச்சியும் ஒரே ஜீனா என்கிற கேள்விக்குப் பதில் சொல்லணும்.

இந்த எண்களில் ஓட்டையும் உண்டு. இந்தியாவில் தேசியத் திட்டத்தின் கீழ் புற்றுநோய்ப் பதிவகங்கள் 1982-ல் சென்னை, பெங்களூரு, மும்பை மூணு ஊரில் மக்கள்தொகை அடிப்படையில் இயங்கத் தொடங்குச்சு. 2020 அறிக்கை வரும்போது 28 பதிவகங்கள், அப்பவும் மக்கள்தொகையில் சுமார் 10 சதவீதத்தைத்தான் தொட்டிருந்தது. மீதி எல்லாம் மதிப்பீடு. பதிவகமே இல்லாத மாவட்டம் மேப்பில் வெள்ளையா இருந்தா அங்கே நோய் இல்லைன்னு அர்த்தமில்லை.

கடைசியா ரூம்மேட்டை அசைச்சது 28 மடங்கு இல்லை, ஒரு டார்ச் லைட். திருவனந்தபுரத்தில் 1996-ல் தொடங்கி, பயிற்சி பெற்ற களப்பணியாளர்கள் வீடு வீடாப் போய் வெளிச்சம் அடிச்சு வாயைப் பார்த்திருக்காங்க. 13 பஞ்சாயத்துத் தொகுதிகள், சோதிச்சதும் சோதிக்காததும் சேர்த்து சுமார் 1.9 லட்சம் பேர். 2005-ல் வந்த முடிவில், போயிலை அல்லது மதுப் பழக்கம் உள்ளவங்களில் வாய்ப் புற்றுநோய் மரணம் 34 சதவீதம் குறைஞ்சிருந்தது. ஸ்கேன் இல்லை, மெஷின் இல்லை. "அப்போ நீயே பாரு"ன்னு மொபைல் டார்ச்சைக் கையில் கொடுத்தான்.

கன்னத்துக்குள்ள ரெண்டு பக்கமும் வெளுப்பா, பட்டை பட்டையா இருந்தது. தன்னோட மூணு விரலைச் செங்குத்தா வாய்க்குள்ள வைக்க முடியணும், அதுதான் சாதாரண அளவு. அவனுக்கு ரெண்டு விரலே இடிக்குது. பொட்டலத்தைத் திருப்பிப் பார்த்தோம். அவன் எப்பவும் கட்டைவிரலால் பிடிக்கிற இடத்தில், பொடி இங்கிலீஷ் எழுத்தில், பாக்கு மெல்வது உடல்நலத்துக்குக் கேடுன்னு போட்டிருக்கு.

திங்கட்கிழமை காலையில் ரெண்டு பேரும் முதல் பீரியடுக்கு மட்டம் போட்டுட்டு டென்டல் காலேஜ் ஓ.பி.க்குப் போனோம். கொஞ்சம் திசு எடுத்திருக்காங்க. ரிசல்ட் அடுத்த வாரம் வரும். வீட்டில் இன்னும் சொல்லலை, ரிசல்ட் வந்ததும் அவங்க அம்மாவுக்கு நான்தான் போன் போடணுமாம்.