கிடந்து பழசான கஞ்சாவும் கன்னாபினோலும்

கஞ்சாவின் போதைக்குக் காரணமான டெட்ராஹைட்ரோகன்னாபினோல், அதாவது டி.எச்.சி. என்ற சேர்வையைப் பற்றி ஓரளவுக்கேனும் பலர் கேள்விப்பட்டிருப்பர். ஆனால் அது வெளிச்சமும் காற்றும் வெப்பமும் பட்டுக் கிடக்கக் கிடக்கச் சிதைந்து, கன்னாபினோல் என்ற வேறொரு சேர்வையாக மாறுகிறது என்பது பரவலாகத் தெரிந்த செய்தியன்று. பச்சைச் செடியில் கன்னாபினோல் மிகச் சொற்பமாகவே இருக்கும். அறுத்து உலர்த்திய இலையும் பூவும் பழசாக ஆக அதன் அளவு கூடும்.

இலங்கையின் தேயிலை மலைகளிலுள்ள லுணுகலைப் பகுதி மக்களுக்கு இம்மாற்றத்தை விளக்கத் தேயிலையை விடச் சிறந்த உவமை இல்லை. மலையிலிருந்து இறங்கும் பச்சைக் கொழுந்து, தோட்டத்தில் ‘ஸ்டோர்’ என்று வழங்கும் தொழிற்சாலையில் வாட்டப்பட்டு, அரைபட்டு, பரப்பி வைக்கப்படும்போது ஓரிரு மணி நேரத்தில் செப்பு நிறமாகி மணம் மாறுகிறது. இதைப் புளிக்கவைத்தல் என்பது வழக்கமாயினும், தோசை மாவைப் புளிக்கச் செய்யும் நுண்ணுயிர்களுக்கு இதில் பெரிய வேலை இல்லை. இலைச்சாறு காற்றிலுள்ள ஒட்சிசனோடு தாக்கமுறும் ஒட்சியேற்றமே இங்கு நிகழ்கிறது. தேயிலையில் இதை விரைவுபடுத்த இலையிலேயே நொதியம் உண்டு. உலர்ந்த கஞ்சாவிலோ அத்தகைய உதவியின்றி, மாதங்களும் ஆண்டுகளும் எடுத்துக்கொண்டு மெல்ல நடக்கிறது. 21 காபன், 30 ஐதரசன், 2 ஒட்சிசன் அணுக்களைக் கொண்ட டி.எச்.சி. மூலக்கூறு, நான்கு ஐதரசன் அணுக்களை இழந்ததும் கன்னாபினோலாகிவிடுகிறது. ஒட்சிசன் சேர்வது மட்டுமன்றி ஐதரசனை இழப்பதும் வேதியியலில் ஒட்சியேற்றமே ஆகும். அறை வெப்பநிலையில் வைத்த கஞ்சா, முதல் ஆண்டிலேயே தன் டி.எச்.சி.யில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கையும், நான்கு ஆண்டுகளில் 40 வீதத்துக்குச் சற்று மேலும் இழந்ததை ஆய்வாளர் அளந்துள்ளனர். இவ்விரு சேர்வைகளின் விகிதத்தைக் கொண்டு, ஒரு பொதி எவ்வளவு காலம் கிடந்தது என்பதையும் மதிப்பிட முடிகிறது.

லுணுகலையிலிருந்து பிபிலைப் பக்கம் இறங்கினால் தேயிலை முடிந்து மொனராகலை மாவட்டம் தொடங்குகிறது. வெல்லவாய, தணமல்வில முதலிய இடங்களின் காட்டோரச் சேனைகளில் சட்டவிரோதமாக வளர்க்கப்படும் கஞ்சா பிடிபட்டால், அது 1929ஆம் ஆண்டின் நஞ்சுகள், அபின், அபாயகர ஒளடதங்கள் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழக்குப் பொருளாகி நீதிமன்றப் பொறுப்பில் கிடக்கும். மறுபுறத்தில், 1961ஆம் ஆண்டின் ஆயுர்வேதச் சட்டம் சுதேச வைத்தியர்கள் மருந்து செய்வதற்கென இச்செடியைப் பெற வழிவைத்திருப்பதால், வழக்கு முடிந்த கஞ்சாவில் ஒரு பகுதி அவர்களிடம் போய்ச் சேர்கிறது. வைத்தியர்களின் கைக்கு வரும்போது அது நான்கைந்து வருடம் பழசாகி வீரியம் குன்றிவிடுகிறது என்று 2017–18 காலத்தில் சுகாதார அமைச்சராக இருந்த ராஜித சேனாரத்ன கூறி, இங்கிரியவில் 100 ஏக்கரில் இராணுவ மேற்பார்வையுடன் பயிரிடும் திட்டத்தையும் அறிவித்தார்.

வீரியம் குன்றுகிறது என்பது உண்மையே. ஆனால் விடயத்தில் அது ஒரு பாதிதான். நான்காண்டு கிடந்த இலை, சத்துப்போன வெறும் சருகு அன்று. சேர்வைகளின் அளவுகள் மாறிய வேறொரு மூலப்பொருள். புதிய இலைக்கென்று வகுத்த நிறையளவில் அதைச் சேர்த்தால், மருந்து எவ்வாறு வேலை செய்யும் என்பதை ஏட்டைப் பார்த்து மட்டும் சொல்ல முடியாது. நோயாளியின் உடல் சம்பந்தப்பட்ட இவ்விடயம் இவ்வளவு காலம் கவனிக்கப்படாதிருப்பது கவலைக்குரியது.

கன்னாபினோலின் வரலாறு இந்தியாவோடு தொடர்புடையது. 1896இல் கேம்பிரிட்ஜில் வுட், ஸ்பைவி, ஈஸ்டர்ஃபீல்ட் ஆகியோர் இந்தியச் சரஸ் பிசினிலிருந்து ஒரு செந்நிற எண்ணெயைப் பிரித்தெடுத்தனர். அதுவே போதைக்குக் காரணம் என்று கருதப்பட்டது. அதிலிருந்த கன்னாபினோலின் முழு அமைப்பு 1940இலும், உண்மைக் காரணியான டி.எச்.சி.யின் அமைப்பு 1964இல் இஸ்ரேலில் மெக்கூலம், கவோனி ஆகியோராலும் தெளிவானது. பாமீர் மலையின் 2,500 ஆண்டுப் பழமையான கல்லறைகளில் கிடைத்த மரத் தணல் கலங்களில், டி.எச்.சி. நெடுங்காலத்துக்கு முன்பே சிதைந்துபோயிருக்க, கஞ்சா புகைக்கப்பட்டதற்குச் சான்றாக 2019இல் அகப்பட்டதும் இக்கன்னாபினோலே.

மனித மூளையில் ‘வாங்கிகள்’ எனப்படும் புரதங்கள் உண்டு. பூட்டில் சாவி பொருந்துவதுபோல் சில மூலக்கூறுகள் அவற்றில் பொருந்தி உணர்வை மாற்றுகின்றன. உடல் தானே சுரக்கும் அத்தகைய மூலக்கூறு ஒன்றுக்கு, 1992இல் ‘ஆனந்தம்’ என்ற நமக்குப் பழகிய சொல்லிலிருந்தே ‘ஆனந்தமைட்’ எனப் பெயரிட்டனர். டி.எச்.சி. இவ்வாங்கிகளை இறுகப் பற்றுகிறது. கன்னாபினோலின் பிடி அதைவிடப் பலமடங்கு தளர்ந்தது, எனவே போதையும் மிகக் குறைவு.

பழைய கஞ்சா உறக்கம் தரும் என்ற பேச்சை நம்பி, கன்னாபினோல் கலந்த மிட்டாய்கள் வட அமெரிக்காவில் உறக்கத்துக்கென விற்கப்படுகின்றன. 1975இல் ஐந்து ஆண்களிடம் நடந்த சிறு ஆய்வில், கன்னாபினோலை மட்டும் கொடுத்தபோது மயக்கம் வரவில்லை, டி.எச்.சி.யோடு சேர்த்துக் கொடுத்தபோதே கூடியது. 2024இல் சிட்னிப் பல்கலைக்கழகத்தார் எலிகளில் உறக்கம் கூடுவதைக் கண்டனர். எனினும் மனிதருக்கு மருந்தென்று விற்க எலிகளின் உறக்கம் போதாது.

சுதேச வைத்தியத்தில் இலையைக் கழுவி நெய்யில் வறுத்துச் சுத்தி செய்யும் முறை உண்டு. செடியில் அமிலமாக இருக்கும் சேர்வை சூட்டினாலேயே டி.எச்.சி. ஆகிறது, அது நீரில் கரையாது, கொழுப்பில் கரையும். சட்டியும் நெய்யும் செய்யும் இவ்வேலையில் பொருள் உண்டு. ஆனால் நீதிமன்றப் பொதியிலிருந்து வந்த இலை சட்டியில் விழுமுன், அதில் டி.எச்.சி. எவ்வளவு, கன்னாபினோல் எவ்வளவு என்று ஆய்வுகூடத்தில் அளந்து, அறுத்த ஆண்டோடு பொதியின் மேல் எழுதிவைப்பது அரசு செய்யக்கூடிய காரியமே.