வெண்பனி வழியில் ஒரு பழைய கார்

பனி என்றதும் நம் வாசகர்களுக்கு மார்கழி விடியலில் புல்நுனியில் நிற்கும் துளியே நினைவில் எழும். நாம் சொல்லப்போவது அதுவன்று. ஜெர்மனியின் தென்கோடியில், ஆல்ப்ஸ் மலையடிவாரத்து ஆல்கொய் பகுதியில் சில ஆண்டுகள் பங்குப்பணி ஆற்றியபோது நாம் கண்ட வெண்பனி, முழங்கால் அளவு கொட்டிச் சாலையையும் வயலையும் வேலியையும் ஒன்றாக்கிவிடும் தன்மையது. அத்தகைய ஓர் இரவில், நாற்பத்தைந்து வயதைக் கடந்த ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றில் நாம் மலையேற நேர்ந்தது.

திருவருகைக் காலத்தின் இரண்டாம் வாரம். மாலைத் திருப்பலி முடிந்து அறைக்குத் திரும்பியபோது தொலைபேசி ஒலித்தது. மலைமேல் தனித்திருக்கும் ஒரு பண்ணை வீட்டிலிருந்து மகன் பேசினார். தொண்ணூற்றொரு வயதான தம் தாய் விடியும்வரை தாங்கமாட்டார் போலிருக்கிறது என்றார். நோயிற்பூசுதலுக்கான எண்ணெயையும் நற்கருணைச் சிமிழையும் எடுத்துக்கொண்டு உடனே புறப்பட்டோம். எமது சிறிய காரோ முதல் ஏற்றத்திலேயே சக்கரங்கள் வெறுமனே சுழலப் பின்னோக்கி வழுக்கி, சாலையோரப் பள்ளத்தில் சாய்ந்து நின்றது. பிழை வண்டியினுடையதன்று. தேய்ந்த டயர்களை மாற்றுவதை நாளை நாளை என்று தள்ளிப்போட்டவர் நாமே.

பாடகர் குழுவில் கீழ்க்குரல் பாடும் முதியவர் ஒருவர் எமது பங்கில் இருந்தார், ஓய்வுபெற்ற மெக்கானிக். அவருக்குத் தொலைபேசியில் செய்தி சொன்னோம். கால் மணி நேரத்தில் இருளைக் கிழித்துக்கொண்டு இரண்டு வட்ட விளக்குகள் வந்தன. 1973-ஆம் ஆண்டின் போர்ஷே 911 அது. உடைந்து கிடந்ததை இளமையில் வாங்கித் தம் கையாலேயே சீர்செய்தவர் அவர். அந்நாட்டில் முப்பது ஆண்டு நிறைந்து நன்னிலையில் உள்ள வண்டிகளுக்கு, எண் பலகையில் 'ஹெச்' என்னும் எழுத்தைச் சேர்த்துக்கொள்ள உரிமையுண்டு. அத்தகைய வண்டி வைத்திருப்போரிற் பலர் குளிர்காலம் முழுவதும் அதனைக் கொட்டகையில் போர்த்தி வைத்துவிடுவர். இவர் அப்படியல்லர், புதுப்பனி விழுந்து, உப்புத் தூவப்படாத நாட்களில் மட்டும் அதனை வெளியே எடுப்பார். அன்றோ பள்ளத்தாக்குச் சாலை முழுவதும் உப்பு.

உப்பைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். உப்புக் கலந்த நீர் சுழியத்துக்குக் கீழும் உறையாது என்பதால் சாலைகளில் அதனைத் தூவுகின்றனர். குளிர் பத்துப் பாகைக்கும் கீழே இறங்கினால் அதன் வலிமை வெகுவாகக் குன்றிவிடும். அப்போது மணலும் பொடிக்கல்லுமே துணை. உயிரைக் காக்கும் அந்த உப்பே பழைய கார்களின் இரும்பைத் தின்கிறது. துத்தநாகம் பூசிய உடற்கூடு 911 வண்டிக்கு வந்தது 1976-ஆம் ஆண்டு மாடலிலிருந்துதான். இவருடையது அதற்கு மூத்தது. தாம் எதைச் செலவிடுகிறோம் என்பது அவருக்குத் தெரியும். அதைப் பற்றி ஒரு சொல்லும் அவர் பேசவில்லை. "ஏறிக்கொள்ளுங்கள் சுவாமி" என்றார், அவ்வளவே.

இந்தக் கார் மலையேறுமா என்று தயங்கினோம். அவர் சிரித்தார். அதன் எஞ்சின் இருப்பது பின்சக்கரங்களுக்கும் பின்னால். மொத்த எடையில் ஏறத்தாழப் பத்தில் ஆறு பங்கு, வண்டியைத் தள்ளும் அந்தச் சக்கரங்களின் மேலேயே அமர்கிறது. ஏற்றத்தில் இன்னும் சற்று எடை பின்னோக்கிச் சாயும். ஆகவே, மற்றவை வழுக்கும் இடத்தில் இது பனியைக் கடித்துக்கொண்டு ஏறும். காற்றால் குளிரும் எஞ்சின் ஆதலால் உறைவதற்கு அதில் நீரும் இல்லை. உள்ளே வெப்பம் வருவது புகைக்குழாயைச் சுற்றிவரும் காற்றிலிருந்து. அது மெல்லத்தான் வந்தது, எண்ணெய் மணத்தோடு.

அவர் வண்டியை எடுத்தது இரண்டாம் கியரில், கிளச்சை முட்டையைக் கையாள்வது போல் மெல்ல விட்டு. முதல் கியரின் வலு பனியில் சக்கரத்தைச் சுழற்றிவிடுமாம். டயர்களும் குறுகலானவை, அகன்றவை பனியின் மேல் மிதக்கும், குறுகியவை அதனைப் பிளந்து அடித்தரையைத் தேடும் என்றார்.

காரின் முகப்பில் புனித கிறிஸ்தோபரின் சிறு பதக்கம் ஒட்டியிருந்தது. 1969-இல் திருவழிபாட்டு நாட்காட்டி திருத்தப்பட்டபோது இப்புனிதர் 'நீக்கப்பட்டார்' என்று இன்றும் சிலர் சொல்லக் கேட்கிறோம். அது தவறு. அவரது நினைவு உலகப் பொது நாட்காட்டியில் இடம்பெறாது விடப்பட்டதேயன்றி, ஜூலை 25-இல் அவர் பெயர் மறைசாட்சியர் ஏட்டில் இன்றும் உள்ளது.

வீட்டை அடைந்தோம். அந்த அம்மையார் கண்மூடியிருந்தார். நாம் அருகே சென்றதும், எம்மையல்ல, எம்மை அழைத்து வந்தவரின் பெயரை முதலில் சொன்னார். காரின் ஒலியை வளைவுகளுக்கு அப்பால் வரும்போதே கேட்டுவிட்டாராம். பூசுதல் பெற்றார், நற்கருணையின் சிறு துணுக்கை ஒரு கரண்டி நீருடன் உட்கொண்டார். மகனும் மருமகளும் கட்டிலருகே முழந்தாளிட்டிருக்க, மெக்கானிக் பெரியவர் கதவருகே தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்று செபமாலையைத் தொடங்கினார்.

பின்னர் அடுக்களையில் சூடான தேநீர் தந்தனர். இறக்கம்தான் சோதனை என்று அவர் அங்கே சொன்னார். கணக்கு எளியது. உலர்ந்த சாலையில் மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார், பிரேக் பிடித்தபின் ஏறத்தாழ 12 மீட்டரில் நிற்கும். இறுகிய பனியில் 50 மீட்டர் வேண்டும். ஈரமான பனிக்கட்டியில் 100 மீட்டரும் போதாமற்போகலாம். சமதரையிலேயே இப்படி. கடுங்குளிரைக் காட்டிலும், சுழியத்தை ஒட்டி மேற்பரப்பு சற்றே உருகும் வேளையே அதிகம் வழுக்கும் என்பதும் அன்றுதான் எமக்குத் தெரிந்தது. சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் கருவி இக்காலக் கார்களில் உண்டு. அந்தக் காரில் இல்லை. ஓட்டுபவரின் பாதமே அந்தக் கருவி.

மேலும், ஏற்றத்தில் துணைநின்ற அதே பின்எடை இறக்கத்து வளைவில் பகையாகும். வளைவின் நடுவே அஞ்சி ஆக்சிலரேட்டரிலிருந்து காலைச் சட்டென எடுத்தால் எடை முன்னே பாயும். பின்புறம் இலேசாகிப் பிடிப்பிழந்து, ஊசல் போல் வீசி வரும். ஆகவே வேகத்தை வளைவுக்கு முன்பே, நேர்வழியிலேயே குறைத்துவிட வேண்டும்; வளைவினுள் மெல்லிய, மாறாத விசையோடு செல்ல வேண்டும். பிரேக்கும் திருப்புதலும் ஒரே நேரத்தில் கூடாது. அச்சம் வந்தபின் செய்வது எதுவும் பெரும்பாலும் தவறாகவே முடியும் என்றார்.

1968-ஆம் ஆண்டின் மோந்தே கார்லோ ராலியை அவர் நினைவுகூர்ந்தார். 1911 முதல் நடந்துவரும் அப்போட்டியின் பெயர்பெற்ற இடம், பிரெஞ்சு ஆல்ப்ஸில் 1607 மீட்டர் உயரத்திலுள்ள துரினி கணவாய். அந்தச் சாலை ஓரிடத்தில் மெனூர் மாதா சிற்றாலயத்துக்குச் செல்லும் பாலத்தின் கீழ் நுழைந்து செல்கிறது. அவ்வாண்டு விக் எல்ஃபோர்டு என்னும் ஆங்கிலேயர் 911 வண்டியில் வென்றார். அவரோடு முன்னணியில் மோதிய பிரெஞ்சுக்காரர் ஜெரார் லாரூஸ், பார்வையாளர் சிலர் விளையாட்டாகச் சாலையில் அள்ளி வீசிய பனியில் வழுக்கி வெளியேறினார். "அவர் கற்ற வித்தை எல்லாம் இருந்தது சுவாமி, அந்த ஒரு பிடிப் பனி அங்கே இருக்கும் என்பது மட்டும் தெரியவில்லை" என்றார் பெரியவர்.

இறங்கும்போது மணிக்கு 20 கிலோமீட்டருக்கு மேல் அவர் போகவில்லை. மூன்றாவது வளைவில் மரநிழலில் மறைந்திருந்த கண்ணாடிப் பனியில் பின்புறம் வெளிப்பக்கம் நழுவியது. நாம் வெறுமையாயிருந்த சிமிழை இறுகப் பற்றினோம். அவர் பிரேக்கைத் தொடவில்லை. பின்புறம் நழுவிய திசைக்கே ஸ்டியரிங்கை விரல்களால் சிறிது திருப்பி, விசையை இம்மியளவு கூட்டினார். வண்டி நேரானது. பாடகர் குழுவில் பாடும் அதே கீழ்க்குரலில் ஏதோ முணுமுணுத்தார். செபமா, காருக்குச் சொன்ன ஆறுதலா என நாம் கேட்கவில்லை.

அம்மையார் விடியற்காலை நான்கு மணிக்கு இறைவனடி சேர்ந்தார். காலைத் திருப்பலிக்குப் பின் மெக்கானிக்கின் பட்டறைக்கு நன்றி சொல்லச் சென்றோம். அவர் தரையில் படுத்து, காரின் அடிப்புறத்தை வெந்நீர்க் குழாயால் கழுவிக்கொண்டிருந்தார். நேற்றிரவின் உப்பு பழுப்பு நீராய் வழிந்தோடியது. உதவ முன்வந்தோம், ஒரு பழந்துணியைத் தந்து, சக்கர வளைவுகளின் உட்புறத்தைத் துடைக்கச் சொன்னார். துடைத்து முடிப்பதற்குள் எமது மேலங்கியும் பழுப்பாகிவிட்டது.

பள்ளத்தில் கிடந்த எமது காரை அதற்குள் அவரே இழுத்து வரச் செய்திருந்தார். நான்கு புதிய குளிர்கால டயர்கள் அதன் அருகே அடுக்கப்பட்டிருந்தன. மாட்டிய கூலியை வாங்க மறுத்துவிட்டார். டயர்களின் விலையை மட்டும் ரசீதோடு, ஒரு காசு குறையாமல் வாங்கிக்கொண்டார்.