பூந்திக் கரண்டியும் அணுக் கழிவும்!

சிதம்பரம் கீழ வீதியில் ஒரு ஸ்வீட் ஸ்டால். பூந்திக் கரண்டி வழியாக மாவு சொட்டுச் சொட்டாக எண்ணெயில் விழுந்து உருண்டையாகிக்கொண்டிருந்தது. எச்சில் ஊற நின்றேன்.

கூட வந்த சிநேகிதன் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் கெமிஸ்ட்ரி படித்தவன். "அணுக் கழிவை உறிஞ்சற பீங்கான் குருணையைக்கூட இப்படிச் செய்யலாம்டா" என்றான். ஊறிய எச்சில் வற்றிவிட்டது.

அவன் சொன்ன பக்குவம் இது. உலோக நைட்ரேட் கரைசலில் யூரியாவும் ஹெக்சமினும் ஜில்லென்று கலக்க வேண்டும். சுமார் 90 டிகிரி சூடான சிலிக்கான் எண்ணெயில் சொட்டு விடவேண்டும். சூட்டில் ஹெக்சமின் உடைந்து அம்மோனியா வரும். சொட்டு ஜெல்லியாக இறுகும். கழுவி, உலர்த்தி, சுட்டால் பீங்கான் மணி. கரித்தூள் கலந்திருந்தால் அது எரிந்துபோய், மணிக்குள் ஏகப்பட்ட ஓட்டை! (கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில் இந்த மாதிரி சோல்-ஜெல் முறையில் அணு எரிபொருள் குருணையே செய்திருக்கிறார்கள்.)

"ஓட்டை எதுக்குடா?"

"இட்லிக்குள்ள கொத்சு இறங்கறதில்லையா, அதுக்குத்தான்."

2011-ல் ஃபுகுஷிமா விபத்துக்குப் பிறகு விஷத் தண்ணீரை ஜியோலைட் என்ற நுண்துளைக் கனிமத்தின் வழியாக ஓடவிட்டார்கள். தண்ணீர் வெளியே வந்தது. சீசியம் உள்ளேயே மாட்டிக்கொண்டது. ரஷ்யாவின் கிராஸ்நயார்ஸ்க் விஞ்ஞானிகள் நிலக்கரிச் சாம்பலிலேயே இருக்கும் பொள்ளல் உருண்டைகளைப் பொறுக்கி ஒட்டவைத்து ஒரு கட்டி செய்தார்கள். பெயர் 'குப்கா'. குப்பை இல்லை சார், ரஷ்ய மொழியில் ஸ்பாஞ்சு! நெய்வேலிச் சாம்பலைப் பார்த்தே வளர்ந்த எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

என் பி.காம். மூளை சும்மா இருக்குமா? "அப்போ கழிவை ரைட் ஆஃப் பண்ணிடலாம்?"

"அதான் முடியாது. தண்ணீர் கணக்கிலேர்ந்து குருணை கணக்குக்கு டிரான்ஸ்ஃபர், அவ்வளவுதான். இடம் மிச்சம். பாக்கி அப்படியே நிக்கும்."

சீசியம்-137 பாதியாகக் குறையவே 30 வருஷம். ஆயிரத்தில் ஒரு பங்காக 300 வருஷம்! அதுவரை பத்திரமாக வைத்துக் காக்க வேண்டும். கல்பாக்கத்தில் கழிவைக் கண்ணாடியோடு உருக்கிக் கட்டியாக்கும் ஆலை இருக்கிறது. அந்தக் கட்டிக்கும் காவல் வேண்டும்தான். கல்பாக்கம் எங்கள் கடலூரிலிருந்து நூறு கிலோமீட்டர் சொச்சம்.

எங்கள் ஊரில் 1690-ல் கிழக்கிந்தியக் கம்பெனி செயின்ட் டேவிட் கோட்டையை விலைக்கு வாங்கியது. 1758-ல் பிரெஞ்சுக்காரர்கள் அதைப் பிடித்துத் தகர்த்துவிட்டார்கள். பீரங்கி வைத்துக் காத்த கோட்டைக்கே 68 வருஷம்தான்.

"முந்நூறு வருஷ வாட்ச்மேன் சம்பளத்தை எந்த பட்ஜெட்டில்டா எழுதறது?" என்றேன்.

அவன் பதில் சொல்லாமல் பூந்திப் பொட்டலத்தைப் பிரித்தான்.